13.10 முதல் 13.50 வரை

புனே
2.6.2024

அன்புள்ள நைனாவுக்கு,

ஜோதி எழுதுவது. நானும் அவரும் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது, மாடு எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

பத்தாம் வகுப்பில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. வேறு வழி இல்லை. நான் வாங்கி அனுப்பிய போன் மூன்று மாதமாக அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு வளர்மதி அக்கா போனில் கூப்பிட்டால் கொல்லைப் பக்கம் போய்விடுகிறீர்களாம். அம்மா இருந்தவரை போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதை உங்களுக்கும் நீங்கள் சொல்வதை எனக்கும் சொல்லும். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இனி நடுவில் யாரை வைப்பது?

ஒரு சேதி. எனக்கு நான்காவது மாதம். நவம்பர் கடைசியில் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். இதை உங்கள் காதில் சொல்லி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். பேப்பரில் சொல்கிறேன்.

ஒரு முறையாவது எடுங்கள் நைனா. மிலிட்டரியில் வயர்லெஸ் செட்டில் பேசினவர் வீட்டுப் போனுக்குப் பயப்படலாமா?

உங்கள் பாணியிலேயே முடிக்கிறேன். ஓவர் அண்ட் அவுட்!

உங்கள் மகள்
அருள்ஜோதி

&nbsp;

சேசு மரி சூசை துணை

செஞ்சி
10.6.2024

அன்பு மகள் ஜோதிக்கு நைனா எழுதிக்கொண்டது.

உன் 2.6.24 கடிதம் 8.6.24 சனிக்கிழமை காலை 11.20-க்குக் கிடைத்தது. போஸ்ட்மேன் பீமாராவ் கையில் கொடுத்துவிட்டு, "செஞ்சியில கையால எழுதன லெட்டர் உங்களுக்கு மட்டுந்தான் சார் வருது. மத்தவங்களுக்கெல்லாம் பேங்க் நோட்டீஸ்தான்" என்றார். அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

சேதியைப் படித்துவிட்டு உன் அம்மா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. சாயங்காலம் வளர்மதி தானாகவே கேட்டது: "இன்னா மிலிட்டரி, மூஞ்சில பல்பு எரியுது?" சொன்னேன்.

மூட்டுவலி மழைக்கு முன்னால் வரும், மழைக்குப் பின்னால் போகும். மாடு நான்கு லிட்டர் கறக்கிறது.

போனைப் பற்றிக் கேட்டிருந்தாய். என் காதில் இரைச்சல் இருப்பது உனக்குத் தெரியும். போன் அரிசி டின்னுக்குள் இருக்கிறது. சனிக்கிழமைகளில் சார்ஜ் போடுகிறேன். செட்டை ஆஃப் செய்ய எனக்குக் கை வராது, அது பழைய பழக்கம்.

இன்னொன்று. 'ஓவர்' என்றால் நான் சொல்லி முடித்தேன், நீ பதில் சொல் என்று பொருள். 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம் என்று பொருள். இரண்டையும் சேர்த்துச் சொல்பவன் சினிமாக்காரன். எங்கள் ஹவில்தார் கேட்டிருந்தால் மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டிருப்பார்.

மாப்பிள்ளைக்கு என் தோத்திரம். ஓவர்.

நைனா
சேசுராஜ்

&nbsp;

புனே
30.6.2024

அன்புள்ள நைனாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். மழை ஆரம்பித்துவிட்டது. வாந்தி குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பகல் டியூட்டி மட்டும் போடுகிறார்கள்.

காதில் இரைச்சல் என்றால் காது டாக்டரிடம் காட்டலாம். உங்களிடம் எக்ஸ் சர்வீஸ்மேன் கார்டு இருக்கிறது. அம்மா சாவதற்கு முன் ஒரு தடவை என்னிடம், "உங்க நைனாவுக்குக் காது நல்லாத்தாண்டி கேக்குது. அது வேற" என்றது. வேற என்றால் என்ன என்று கேட்டேன். "லங்காவுல இன்னாவோ ஆயிருக்குது. நான் முப்பது வருசமா கேக்கல, நீயும் கேக்காத" என்றது. அதனால் நானும் கேட்கவில்லை.

பேர் யோசித்தீர்களா? எனக்குப் பேர் வைத்தது நீங்கள்தான் என்று அம்மா சொல்லும். இதற்கும் நீங்கள்தான். அவருக்கும் சம்மதம். "தாத்தா வைக்கிற பேர்தான்" என்று அவர் வீட்டிலும் சொல்லிவிட்டார்.

ஓவர். (சரியா?)

ஜோதி

&nbsp;

சேசு மரி சூசை துணை

செஞ்சி
15.7.2024

அன்பு மகள் ஜோதிக்கு,

உன் 30.6.24 கடிதம் 6.7.24 மதியம் 12.05-க்குக் கிடைத்தது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். நான் நலம்.

பதில் ஒன்பது நாள் தாமதம். காரணம், கோட்டையில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ராஜகிரி அடிவாரத்தில் நிற்க வேண்டும், மேலே போகிறவர்களிடம் பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைக்க வேண்டும், குரங்கைத் துரத்த வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. ஏழாம் நாள் கான்ட்ராக்டர் ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்தார். மலை உச்சியில் இருக்கும் பையன் கூப்பிட்டால் கீழே இருப்பவன் பதில் சொல்ல வேண்டுமாம். அன்று மதியமே யூனிபாரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வளர்மதி சிரித்தது. "போனை அரிசில போட்டு வச்சிக்கீறியே, அது இன்னா குஞ்சு பொரிக்குமா?" என்றது. நானும் சிரித்தேன்.

பேர் யோசித்துவிட்டேன். ஒரே பேர்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓர் எழுத்துதான் மாறும். பிறப்பதற்கு முன் சொல்லக் கூடாது. பிறந்தவுடன் நீ கேள், நான் சொல்கிறேன். ஞானஸ்நானத்தின்போது சாமியார் கேட்கும்வரை அது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

உன் அம்மா சொன்னதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஓவர்.

நைனா

&nbsp;

புனே
18.8.2024

அன்புள்ள நைனாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

கோட்டை வேலையை விட்டதற்காக நான் வருத்தப்படவில்லை. பேரை மட்டும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அனுப்பக் கூடாதா? பிரிக்கமாட்டேன், சத்தியம். பிறந்தவுடன் கேள் என்கிறீர்கள். எப்படிக் கேட்பது? கடிதம் வந்து சேர ஆறு நாள் ஆகிறது.

அதனால் ஓர் ஒப்பந்தம். அன்றைக்கு நான் போன் செய்வேன். அந்த ஒரு தடவை மட்டும் எடுங்கள். பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அதன் பிறகு ஆயுசுக்கும் கூப்பிடமாட்டேன்.

அவர் கம்பெனி வேலையாக இந்த மாதக் கடைசியில் நாக்பூர் போகிறார், இரண்டு வாரம். இருபத்தாறு வாரம் ஆகிவிட்டது. நன்றாக உதைக்கிறது.

ஓவர்.

ஜோதி

&nbsp;

சேசு மரி சூசை துணை

செஞ்சி
15.9.2024

அன்பு மகள் ஜோதிக்கு,

உன் 18.8.24 கடிதம் 24.8.24 காலை 11.45-க்குக் கிடைத்தது. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உன்னிடமிருந்தும் அதன் பிறகு கடிதம் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை நாக்பூரிலிருந்து வந்துவிட்டாரா?

இங்கே மல்லாட்டை பிடுங்கி முடிந்தது. இந்த வருடம் காய் பிடிப்பு பரவாயில்லை. கடலையை வறுத்துக் காரம் போடாமல் இரண்டு கிலோ அனுப்புகிறேன். உன் அம்மாவின் நூல் புடவை இரண்டைத் துவைத்துக் காயவைத்து மடித்திருக்கிறேன். தொட்டிலுக்கு நூல்தான் நல்லது, சறுக்காது. உத்திரத்தில் கொக்கி பழையது, ஆட்டிப் பார்த்தேன், தாங்கும்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடனே பதில் எழுது. ஓவர்.

நைனா

&nbsp;

புனே
29.9.2024

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதமும் மல்லாட்டையும் கிடைத்தன. இருவரும் நலம். அவர் வந்துவிட்டார். நான் இந்த வாரம் டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன். இங்கே மழை விட்டுவிட்டது.

புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சை உருண்டை போடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவுட்.

அருள்ஜோதி

&nbsp;

சேசு மரி சூசை துணை

செஞ்சி
7.10.2024

மகள் ஜோதிக்கு,

உன் 29.9.24 கடிதம் 5.10.24 காலை 11.30-க்குக் கிடைத்தது. பதினொரு வரி. அதில் குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏழு மாதக்காரியை டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன் என்று எழுதவைக்கும் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். கடைசியில் 'அவுட்' என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பொருள் சொல்லிக் கொடுத்தவன் நான்.

செப்டம்பர் 2, திங்கட்கிழமை, அமாவாசை. வளர்மதி மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் போயிருந்தது. மதியம் 2.40-க்கு அரிசி டின்னுக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. 3.20 வரை பதினோரு முறை. ஏழாவது முறை டின் மூடியைத் திறந்தேன். எட்டாவது முறை வீட்டை விட்டு வெளியே போய்ச் சாலையோர மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். அங்கேயும் கேட்டது. எண்ணிக்கொண்டிருந்தேன். உன் ஒப்பந்தம் ஞாபகம் இருந்தது. பேறுகாலத்துக்கு நாள் இருக்கிறதே, இது வேறு ஏதாவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் அம்மாவிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உன்னிடம் எதையும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

1987 அக்டோபர். அமைதிப் படையில் யாழ்ப்பாணம் போன எங்கள் கம்பெனி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. வயர்லெஸ் செட் என் பொறுப்பு. முன்னால் போகும் பிளாட்டூனில் செட் சுமந்தவன் எழிலரசன். பனமலைக்காரன். விழுப்புரத்தில் ஒரே நாளில் ஆளெடுப்பில் நின்றவர்கள் நாங்கள்.

செட்டில் தமிழ் பேசக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. எதிரில் இருப்பவர்களுக்கும் தமிழ்தானே. அவர்கள் எங்கள் அலைவரிசையைப் பிடித்து, அடிபட்டவன் மாதிரித் தமிழில் கூப்பிடுவார்கள். இரண்டு நாள் முன்பு அப்படி ஒரு குரலை நம்பிப் போன மூன்று பேர் திரும்பவில்லை. அதனால் தமிழ்க் குரல் கேட்டால் பதில் கொடுக்காதே என்றார்கள்.

அன்று முன்னால் போன பிளாட்டூன் பனந்தோப்பில் சிதறிவிட்டது. மதியம் 1.10-க்கு என் ஹெட்போனில் குரல் வந்தது. "சேசு, கேக்குதா? எழிலு பேசறன்டா. தொடையில பட்டுச்சு. கெணத்தாண்ட கெடக்கறன். கேக்குதா, சொல்லுடா."

பக்கத்தில் இருந்த அதிகாரி யார் என்று கேட்டார். "தெரியவில்லை சார். தமிழ்க் குரல்" என்றேன். அவர் கையை அசைத்து விடு என்றார்.

நாற்பது நிமிடம் பேசினான். முதலில் ஆள் அனுப்பச் சொன்னான். பிறகு திட்டினான். "இன்னாடா, தூங்கறியா?" என்றான். பிறகு வேறு என்னென்னவோ பேசினான். "ஏரி ரொம்பிடுச்சான்னு நைனாவுக்கு லெட்டர் போட்டுக் கேக்கணும்டா" என்றான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் "கேக்குதா?" என்றான். 1.50-க்கு மேல் குரல் இல்லை. நான் பதிவு நோட்டில் எழுதினேன்: 13.10 முதல் 13.50 வரை, செய்தி இல்லை.

மறுநாள் காலை கிணற்றுக்குப் பக்கத்தில் அவன் உடலை எடுத்தோம். பெட்டியோடு பனமலைக்கு வந்தவன் நான். "ஒடனே உயிர் போயிட்ச்சும்மா, வலியே இல்ல" என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். அந்தம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தது.

எதிரியின் குரல் என்று நினைத்துவிட்டேன் என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அது பொய். அந்த ஊர்த் தமிழ் வேறு மாதிரி இழுக்கும். 'கெணத்தாண்ட' என்று அங்கே எவனும் சொல்லமாட்டான். முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரியும். ஆனால் அவன்தான் என்று சொல்லியிருந்தால், குரல் தெரிந்தவன் நீயே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போ என்று என்னை அனுப்பியிருப்பார்கள். எனக்குப் பயம். அவ்வளவுதான் ஜோதி, வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு என்னால் எதையும் காதில் வைக்க முடியவில்லை. எதை வைத்தாலும் முதலில் அவன் கேட்பான்.

செப்டம்பர் 2 அன்று நீ எதற்காகக் கூப்பிட்டாய்? தெரியும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல். ஓவர்.

நைனா

&nbsp;

புனே
22.10.2024

நைனாவுக்கு,

உங்கள் கடிதம் பத்து நாளாக என் பையில் இருக்கிறது. நேற்றுதான் அவரிடம் காட்டினேன்.

செப்டம்பர் 2 காலையிலேயே வலி ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் நானே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். 2.25-க்குப் பிறந்தது. பெண். தொள்ளாயிரம் கிராம். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை நீளம். நுரையீரல் விரியவில்லை, ஒரு மணி நேரம் தாண்டாது என்று டாக்டர் சொன்னார். இதை நான் எத்தனையோ பேரிடம் பக்கத்தில் நின்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சாமியார் வரும்வரை தாங்காது. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். டம்ளரில் தண்ணீர் இருந்தது, ஜெபம் தெரியும். பேர்தான் இல்லை. அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். என்னோடு வேலை செய்யும் பெண் போனை என் காதில் வைத்துப் பிடித்திருந்தாள். குழந்தை என் நெஞ்சில் இருந்தது. வளர்மதி அக்காவுக்கும் இரண்டு முறை அடித்தேன், கோயில் கூட்டத்தில் கேட்டிருக்காது. 3.20-க்கு உதடு நீலமாக ஆரம்பித்தது. அதற்கு மேல் கூப்பிடவில்லை. 'ராயம்மாள்' என்று அம்மா பேரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து நிமிடம் கழித்துப் போய்விட்டது.

அவர் மறுநாள் வந்தார். "உங்க நைனா இன்னா பேரு சொன்னாரு?" என்று கேட்டார். "இதான் சொன்னாரு" என்றேன். நீங்கள் எழிலரசன் அம்மாவிடம் சொன்ன மாதிரிதான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைக் காப்பாற்றுவதற்காகவா, என்னையா?

யாழ்ப்பாணத்தில் நடந்ததை மன்னிக்க நான் யார்? அது எழிலரசன் வீட்டாருடையது. எனக்கு உள்ளது செப்டம்பர் 2 அன்று போன் அடித்த நாற்பது நிமிடம் மட்டும்தான். கோபம் இருக்கிறது. உங்களுக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்பதும் மனதில் இருக்கிறது. எங்கள் வார்டில் இருபத்திரண்டு வயதுப் பையன்கள் ஊசிக்கே அம்மா என்று கத்துகிறார்கள்.

போனைத் தரையில் போட்டு உடைத்திருக்கலாம், கிணற்றில் எறிந்திருக்கலாம். ஆஃப் செய்யாமல் வைத்திருந்தீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எந்த வார்த்தையில் முடிப்பது என்று தெரியவில்லை.

ஜோதி

&nbsp;

சேசு மரி சூசை துணை

செஞ்சி
3.11.2024

அன்பு மகள் ஜோதிக்கு,

உன் 22.10.24 கடிதம் 28.10.24 காலை 11.50-க்குக் கிடைத்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். பீமாராவ் போகாமல் நின்றிருந்தார். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டுப் போனார்.

நேற்று கல்லறைத் திருநாள். உன் அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்து மூன்று மெழுகுவர்த்தி வைத்தேன். ஒன்று ராயம்மாளுக்கு, ஒன்று சின்ன ராயம்மாளுக்கு. எழிலரசன் நம் வேதக்காரன் இல்லை. இருந்தாலும் அவனுக்கும் ஒன்று. தூறலில் இரண்டு முறை அணைந்தது, மறுபடி ஏற்றினேன்.

போனை அரிசியிலிருந்து எடுத்துவிட்டேன். வளர்மதியிடம் எல்லாம் சொன்னேன். அது அழுதுவிட்டு, பிறகு எனக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. தன் வீட்டில் இருந்துகொண்டு கூப்பிடும், நான் எடுத்துக் காதில் வைக்க வேண்டும். முதல் நாள் கையிலிருந்து விழுந்துவிட்டது. இரண்டாம் நாள் எடுத்தேன், எழிலு பேசினான், வைத்துவிட்டேன். நேற்று வைக்கவில்லை. "மிலிட்டரி, நான் பக்கத்து வூட்லருந்துதான் பேசறேன், சுட்டுற மாட்டேன்" என்றது. வேர்த்துக் கொட்டியது. ஒரு நிமிடம் தாங்கினேன்.

வரும் ஞாயிறு, 10.11.24, மாலை 4.00 மணி. நீ கூப்பிடு. ஒரு முறை மட்டும் கூப்பிடு. இரண்டாவது முறைக்கு நான் வேலை வைக்கக் கூடாது. கூப்பிட மனமில்லை என்றால் வேண்டாம், அது உன் உரிமை. நான் 3.30-லிருந்தே போனைக் கையில் வைத்திருப்பேன்.

ஓவர்.

நைனா

&nbsp;

சேசு மரி சூசை துணை

செஞ்சி
11.11.2024

அன்பு மகள் ஜோதிக்கு நைனா எழுதிக்கொண்டது.

உன் குரல் 10.11.24 ஞாயிறு மாலை 4.00 மணிக்குக் கிடைத்தது.

போனில் பேசியதைத் திரும்ப எழுதுவது எதற்கு என்று கேட்பாய். கிடைத்த செய்தியை எழுதிவைக்க வேண்டும். அதுதான் என் வேலையாக இருந்தது.

நான்காவது மணியோசையில் எடுத்தேன். மூன்று மணியோசை ஏன் வீணானது என்றால், பச்சைப் பட்டன் விரலுக்குச் சிக்கவில்லை. காதில் வைத்தேன். வழக்கம்போல் அவன்தான் முதலில் வந்தான். பிறகு நீ, "நைனா, கேக்குதா?" என்றாய்.

"கேக்குது. சொல்லு" என்றேன்.

இரண்டு வார்த்தைதான். முப்பத்தேழு வருடம் ஆகியிருக்கிறது.

நீ சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன். அவள் விரல் நகம் முளைத்திருந்ததைச் சொன்னாய். முடி அதிகம் என்று சொன்னாய். நீ என்னைத் திட்டியதையும் கேட்டேன். நடுவில் நீ அழுத நேரத்திலும் போன் என் காதிலேயே இருந்தது. வளர்மதி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனது. 4.40-க்கு நீ, "வச்சிடட்டா நைனா?" என்றாய். பழைய நோட்டு ஒன்றை எடுத்து எழுதிவைத்தேன்: 16.00 முதல் 16.40 வரை, செய்தி கிடைத்தது.

நான் யோசித்து வைத்திருந்த பேரைக் கேட்டாய். அது எழிலரசனின் பேர். அவனிடமே இருக்கட்டும். நீ வைத்ததுதான் என் பேத்தியின் பேர். மாப்பிள்ளையிடம் நீ சொன்னது பொய் என்று இனி நினைக்காதே. கேட்டிருந்தால் நானும் அதற்குச் சம்மதித்திருப்பேன்.

இன்னொரு பதிவையும் திருத்த வேண்டியிருக்கிறது. எழிலின் அம்மா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவன் தங்கை மங்கை பனமலையில்தான் இருக்கிறாள். நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். வெளியே போ என்றால் வந்துவிடுவேன். நாற்பது நிமிடமும் அவன் என்ன பேசினான் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

ஒரு வாரமாக மழை. ஏரி ரொம்பிடுச்சா என்று அங்கே பார்த்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

ஓவர்.

நைனா
சேசுராஜ்